யாளிக்கு வசனம் கிடையாது!

பள்ளிக்கூடத்திலிருந்து ‘மாறுவேடப் போட்டி’ என்று ஒரு சீட்டு வந்தால் குழந்தைக்குக் குஷி. அப்பாவுக்குக் குளிர் ஜுரம். அனுபவப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை, “பாரதியார்” என்று சொல்லிவிட்டால் தப்பித்தீர்கள். கறுப்புக் கோட்டு, முண்டாசு, கண் மையால் முறுக்கு மீசை... முடிந்தது ஜோலி! பத்து மணி என்று சொன்ன போட்டியைப் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிப்பார்களே, அதற்குள் மீசை வழிந்து தாடியாகிவிடும். பாரதியாராகப் போன பையன் தாகூராகத் திரும்பி வருவான். அதனால் என்ன... அவரும் கவிதானே!

காந்தி இன்னும் சுலபம். சட்டையைக் கழற்றினால் பாதி வேஷம் முடிந்தது. ஆனால், ஒரே மேடையில் ஏழு காந்திகள் நின்றுகொண்டு “இது என் கண்ணாடிடா!” என்று அடித்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் அஹிம்சைக்குக் கொஞ்சம் காயம்படும்.

ஜான்ஸி ராணியா? வாடகைக் கடையில் ஒரே ஒரு ஸைஸ்தான் இருக்கும். அஞ்சு வயசுக்கும் அதுதான், பத்து வயசுக்கும் அதுதான். முன்னால் பார்த்தால் மகாராணி. பின்னால் பார்த்தால் பதினோரு ஊக்கு!

இதையெல்லாம் ஊரார் வீட்டுக் கதையாகச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும். 2016 வரைக்கும்.

அந்த வருஷம் என் மகள் ஒண்ணாம் வகுப்பு. அவளுக்குக் கிடைத்த வேஷம் தக்காளி. சிவப்பு ஸாட்டின் உறைக்குள் பழைய தலையணைப் பஞ்சு, தலையில் பச்சைத் தாளில் ஒரு காம்பு. அட்வான்ஸ் ஐநூறு, வாடகை முந்நூறு. என்னதான் விலை ஏறினாலும் மதுரையில் ஒற்றைத் தக்காளி அந்த விலைக்குப் போயிருக்காது.

என் சகதர்மிணி நாலு வரி இங்கிலீஷ் எழுதிக் கொடுத்திருந்தாள். ‘ஐ யாம் எ டொமேட்டோ. ஐ யாம் ரெட் அண்ட் ரவுண்ட்...’ இப்படிப் போகும். ஒரு வாரம் வீட்டில் இதே பாராயணம். இன்னொரு இட்லி வேண்டுமென்றால்கூட, “முதல்ல டொமேட்டோ சொல்லு” என்பாள்.

போட்டி நாள். மேடையில் ஏறினாள். மைக்கைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான்! தக்காளி உறைந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. கீழேயிருந்து எழுந்து நின்று, “ஐ யாம் எ டொமேட்டோ!” என்று அடித்தொண்டையில் எடுத்துக் கொடுத்தேன். மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. அன்றைக்குப் பார்த்து நான் போட்டிருந்தது சிவப்புச் சட்டை. உடம்பும் கொஞ்சம் ரவுண்டுதான். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு!

கூட்டம் சிரித்தது என்னைப் பார்த்து. ஆனால், மேடையில் தனியாக நிற்கிற ஆறு வயசுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அவள் அழவில்லை. வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது நான் வேறு, “நாலு வரி... நாலே நாலு வரி சொல்ல முடியலையா உன்னால?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவே இல்லை. வீட்டில் ரேடியோ மாதிரி பேசுகிறவள், பள்ளி வாசலைத் தாண்டினால் ஸ்டேஷன் கட். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட, ‘பிரஸன்ட் மிஸ்’ கிடையாது. கையைத் தூக்குவதோடு சரி. டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது: ‘வகுப்பில் பேசுவதே இல்லை. கவனிக்கவும்.’

கவனிக்காமல் என்ன? ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், மிரட்டினேன், கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி அவள் தூங்கின பிறகு, அந்த ஸ்கூட்டர் கேள்வி மட்டும் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கும்.

அடுத்த வருஷம் மறுபடியும் சீட்டு வந்தது. ‘பள்ளிப் பொருட்காட்சியை முன்னிட்டு மாறுவேடப் போட்டி. தலைப்பு: கற்பனை உயிரினங்கள். வீட்டிலேயே தைத்த உடையாக இருக்க வேண்டும். வாடகை உடைக்கு அனுமதி இல்லை.’

“நாம வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாம்” என்றேன்.

“எல்லாரும் போகணுமாம். கீழ போட்டிருக்கு பாருங்க. நீங்கதானே அத்தை மெஷின்ல தைச்சிருக்கேன்னு சொல்வீங்க... தைங்க!” என்றாள் சகதர்மிணி.

உண்மைதான். சொல்லியிருக்கிறேன். ஆனால், நான் தைத்தது ஒரு தலையணை உறை. அதிலும் நாலு பக்கத்தையும் தைத்துவிட்டேன். இந்த விவரத்தை மட்டும் கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, நான் வெளியிட்டதில்லை.

“தேவதை?” என்று பாப்பாவைக் கேட்டேன். தலையாட்டல்... வேண்டாமாம். “கடல் கன்னி?” அதற்கு அவள் அம்மாவே தடை போட்டாள்: “ரெண்டு காலையும் சேத்துத் தைச்சா மேடைக்குப் படி ஏறுறது எப்படி? தூக்கிக்கிட்டுப் போய் மீன் மார்க்கெட் மாதிரி கிடத்துவீங்களா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகம் வாங்கப் புது மண்டபத்துக்குப் போனோம். மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். பேர்தான் புது மண்டபம். வயசு முந்நூறைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. அப்போதெல்லாம் உள்ளே புத்தகக் கடை, பாத்திரக் கடை, வளையல் கடை எல்லாம் இருந்தன. தூணுக்குத் தூண் தையல் மெஷின்கள் வேறு. ‘கடகட’வென்று அத்தனை மெஷினும் ஓடுகிற சத்தத்தில், கல்லில் செதுக்கின குதிரைகூட நடக்கிற மாதிரி இருக்கும்.

பாப்பா ஒரு தூணுக்குக் கீழே அண்ணாந்து நின்றுவிட்டாள்.

“இது என்னப்பா?”

“யாளி.”

“சிங்கமா, யானையா?”

“ரெண்டும் இல்லை, ரெண்டும்தான். சிங்க மூஞ்சி இருந்தா சிம்ம யாளி. யானை மூஞ்சி, தும்பிக்கையோட இருந்தா கஜ யாளி. நிஜத்துல இப்படி ஒண்ணு கிடையாது. சிற்பிங்க மனசுலயே பிறந்தது.”

“கற்பனை உயிரினமா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “இது பேசுமா?”

“பேசாது. கல்லு எங்கேயாவது பேசுமா?”

“யாளிக்கு வசனம் கிடையாதுல்ல?”

எனக்கு ‘சுருக்’கென்றது. ஊசியே தேவலை.

“கிடையாது பாப்பா. ஒரு வரிகூடக் கிடையாது.”

“அப்ப நான் யாளி.”

தீர்ப்பு வந்துவிட்டது. பக்கத்துத் தூணடியில் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் இதையெல்லாம் கேட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுத் திரைச்சீலை தைக்கிற பாய். சித்திரை மாசம் வந்தால் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குகிறபோது, அழகர் மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்களுக்கெல்லாம் உடுப்பு வேண்டுமே! குல்லா, சல்லடம் என்று வெல்வெட்டிலும் ஜரிகையிலும் அவர் கையில் உருவாகும். நேர்ச்சைக்காகக் குழந்தைகளுக்கும் குட்டிக் குட்டியாகத் தைப்பார்கள். அழகர் உடுப்புக்குப் பாய் கையால் தையல். இதை அதிசயமாகச் சொல்கிறவர் வெளியூர்க்காரராக இருப்பார். உள்ளூரில் அது பாட்டுக்கு நடக்கும்.

“பாய், யாளி டிரஸ் தைக்கணும். எத்தனை மீட்டர் துணி ஆகும்?” என்றேன்.

“அது இருக்கட்டும் தம்பி. பாப்பா அதைப் போட்டுக்கிட்டு என்ன செய்யும்?”

“என்ன செய்யும்னா... மேடையில நிக்கும்.”

“ஒரு நிமிஷம் நிக்கும். மீதி நேரம்?”

முழித்தேன்.

“எல்லாரும் இங்கதான் தம்பி தப்புப் பண்றாங்க. எப்படித் தெரியும்னு பாத்து தைக்கிறாங்க. என்ன செய்யும்னு பாக்கிறதில்லை. அழகர் உடுப்பு போட்டவங்க ஓடுவாங்க, ஆடுவாங்க, தண்ணியில நனைவாங்க, கால் வலிச்சா ஆத்து மணல்லயே உக்காருவாங்க. அதுக்குத் தோதா தைச்சாத்தான் உடுப்பு. இல்லைன்னா பொம்மைக்குப் போட்ட துணி.” பிறகு அவளிடம் குனிந்தார். “நீ சொல்லுத்தா. யாளியாயிட்டா என்ன செய்வே?”

பாப்பா தூணையே பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: “வாய்க்குள்ள உருண்டை வெச்சுக்குவேன். எல்லாரும் எடுக்கப் பாப்பாங்க. வராது.”

கல் யாளி வாய்க்குள் ஓர் உருண்டை இருக்குமே, பார்த்திருப்பீர்கள். சில கோயில்களில் இருக்கிறது. விரலை விட்டால் உருளும். வெளியே மட்டும் வராது. பல்லைச் செதுக்கும்போதே உள்ளே விட்டுச் செதுக்கின வித்தை. எந்தக் கோயிலிலோ என் தோளில் உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்ததை ஞாபகம் வைத்திருக்கிறாள்!

“அப்புறம் என்ன தம்பி... அதைத் தைங்க” என்றார் பாய்.

அடுத்த அரை மணி நேரம் எனக்கு இலவச வகுப்பு. பாய் சொன்னதில் முக்கியமானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒன்று, புதுத் துணியில் கத்தரியை வைக்காதே. பழைய பெட்ஷீட்டை வெட்டி, ஒப்புக்கு ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு மாட்டிப் பார். உட்காரச் சொல், குனியச் சொல், கையைத் தூக்கச் சொல். கிழிகிற இடத்தில் கிழியட்டும். பெட்ஷீட்தானே!

ரெண்டு, மார்புச் சுற்றளவு இருபத்து நாலு என்றால் இருபத்தெட்டு வை. உள்ளே காற்று போக வேண்டும். ஓரத்தில் அரை இஞ்ச் தையலுக்கு விடு. கால் இடுக்கில் ரெட்டைத் தையல்.

மூணு, வெல்வெட்டை எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்கிற மாதிரி வெட்டு. ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் போனால், ஒரே துணி ரெண்டு கலராகத் தெரியும். உடம்புக்கு வெல்வெட்டே வேண்டாம், பருத்தி பாப்ளின் போதும். வெல்வெட் பிடரிக்கு மட்டும்.

நாலு, பாரம் கழுத்தில் தொங்கக் கூடாது. பொய்க்கால் குதிரைக்காரர் அந்தக் கூட்டை எப்படிச் சுமக்கிறார்? தோளில் பட்டை போட்டு. அதேதான் இங்கேயும்.

கிளம்பும்போது, அழகர் உடுப்பு வெட்டி மிஞ்சின வெல்வெட் துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். “பிடரி மயிருக்கு ஆகும். காசு வேண்டாம். யாளிதான் இத்தனை வருஷமா எங்க தலைக்கு மேல நிக்குது. நாங்களும் அதுக்கு ஒண்ணும் செஞ்சதில்லை.”

பையைத் தூக்கிக்கொண்டு ஜம்பமாக வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவின் கால் மெஷின் எனக்கு மூத்தது. பெடலை மிதித்தேன். சக்கரம் முன்னால் சுற்றுவதற்குப் பதில் பின்னால் சுற்றி நூலைப் பட்டென்று அறுத்தது. கோத்தேன். அறுத்தது. மறுபடி கோத்தேன். இந்தத் தடவை பாபினில் நூல் இல்லை. அதைக்கூடப் பார்க்காமல் நான் பாட்டுக்கு ஒன்றரை அடி நீளத்துக்கு வெறும் ஓட்டை போட்டிருக்கிறேன்!

அப்புறம் ஊசி உடைந்தது. புது ஊசி மாட்டினேன். பெல்ட் கழன்றது. பெல்ட்டை மாட்டினேன். மின்சாரம் போனது. கால் மெஷினுக்கு மின்சாரம் எதற்கு என்கிறீர்களா? எனக்குக் கண் தெரிய வேண்டாமா?

மூன்று மணி நேரத்தில் பெட்ஷீட் மாதிரி தயார். பாப்பா காலை விட்டாள். போகவில்லை. கையை விட்டுப் பார்த்தாள். போய்விட்டது! கால் வைக்கிற இடத்தில் கையையும், கை வைக்கிற இடத்தில் காலையும் தைத்திருக்கிறேன். தலைகீழாக நடக்கிற யாளியாக இருந்தால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

இதுவரை ஓரமாக உட்கார்ந்து முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்த என் அம்மா கையைத் தட்டிவிட்டு வந்தாள். எழுபத்து மூணு வயசு. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சொன்னது ஒரே வார்த்தை.

“எந்திரிடா.”

எழுந்தேன். அதற்கப்புறம் மெஷின் ஓடின சத்தமே வேறு.

தும்பிக்கைதான் பெரும்பாடு படுத்தியது. துணிக்குழாய் தைத்து இலவம்பஞ்சு அடைத்தால், ஈரம் காயப் போட்ட ஸாக்ஸ் மாதிரி தொங்குகிறது. நான் உள்ளே கம்பி வைக்கலாம் என்றேன். “குழந்தை கண்ணுல குத்தவா?” என்று அம்மா ஒரு முறை முறைத்தாள். பாவாடைக்கு வைத்திருந்த எலாஸ்டிக்கை எடுத்தாள். குழாயின் மேல் பக்கம் நெடுக அதை இழுத்துப் பிடித்தபடியே தைத்துக்கொண்டு வந்தாள். கையை விட்டதும் எலாஸ்டிக் சுருங்க, தும்பிக்கை தானாக மேலே சுருண்டு நின்றது!

“எப்படிம்மா?”

“உனக்கு டிராயர் தைச்ச கைடா இது.”

தலை என் பொறுப்பு. கனமில்லாமல் இருக்க வேண்டுமே! பலூனை ஊதி, அதன்மேல் செய்தித்தாள் கிழிசல்களைக் கஞ்சிப் பசையில் ஏழு அடுக்கு ஒட்டி, மூணு நாள் மொட்டை மாடியில் காயவைத்தேன். பலூனை உடைத்ததும் ஓடு மட்டும் நின்றது. அதைக் குல்லா மாதிரி அவள் நெற்றிக்கு மேலே உட்கார வைத்தோம். முகத்தை மூடவே இல்லை. யாளியின் வாய் அவள் நெற்றிக்கு மேலே. உள்ளே டேபிள் டென்னிஸ் பந்து. அதன் குறுக்களவு நாலு சென்டிமீட்டர். கெட்டி அட்டையில் பல் வெட்டி, மூணு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டினேன். தலையை ஆட்டினால் ‘கடகட’. விரல் போகும், பந்து வராது. சிற்பி பரம்பரையில் நானும் ஒருவனாகச் சேர்ந்துவிட்டேன்.

பாய் கொடுத்த வெல்வெட்டை நாடா நாடாக வெட்டிப் பிடரியில் வைத்துத் தைத்தாள் அம்மா. நாலு கலரும் அலை அலையாக எழும்பி நின்றன. பாப்பா போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். சோபாவில் குதித்தாள். கட்டிலுக்கு அடியில் புகுந்து வந்தாள். ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

பொருட்காட்சி நாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது.

“அட, டிராகன்!” என்றார் ஒருவர்.

“சிங்கம் ஏன் மூக்குல குழாய் வெச்சிருக்கு?” என்றது ஒரு பொடிசு.

“டைனோஸரா சார்? நல்லா வந்திருக்கு” என்றார் டிக்கெட் கிழித்தவர்.

மதுரையில், யாளித் தூண்கள் சூழ வாழ்கிற ஊரில், ஒருத்தருக்குக்கூடத் தெரியவில்லை! நான் ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க ஆரம்பித்தேன். சகதர்மிணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போன வருஷம் மாதிரி ஆரம்பிக்காதீங்க.” கப்சிப்.

மேடை. அறிவிப்பாளர், “அடுத்து வருவது... டிராகன்!” என்றார். மைக்கை நீட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாப்பா மைக்கைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். அதே வரிசை. நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். சத்தியமாக!

அவள் மைக்கில் தலையைச் சாய்த்து ஓர் ஆட்டு ஆட்டினாள். ‘கடகடகட!’ ஸ்பீக்கரில் இடி மாதிரி கேட்டது. கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். இறங்கி வந்துவிட்டாள்.

முதல் பரிசு, பாட்டரி பல்பு எரிகிற வேற்றுக்கிரக மனிதனுக்கு. இரண்டாவது, இறக்கை வைத்த தேவதைக்கு. நமக்கு, கலந்துகொண்ட எல்லாருக்கும் தருகிற சோப்பு டப்பா.

ஆனால், பாருங்கள்... போட்டி முடிந்து அரை மணி நேரத்தில் தேவதை அழுதுகொண்டிருந்தது. இறக்கை எந்த வாசலிலும் நுழையவில்லை. வேற்றுக்கிரகத்துக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அலுமினியத் தாளைப் பிரிக்க இரண்டு பேர் போராடிக்கொண்டிருந்தார்கள். உட்கார முடியாமல் நின்றுகொண்டே தூங்கியது ஒரு டைனோஸர்.

“நம்ம யாளி எங்கே?” என்று கேட்டாள் சகதர்மிணி.

தேடினேன். டெல்லி அப்பளக் கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கூட்டம். இருபது குழந்தைகள் க்யூவில் நிற்கிறார்கள். நடுவில் பிடரி பறக்க நம்ம யாளி. கணீரென்று ஒரு குரல்.

“ஒவ்வொருத்தராத்தான் வரணும்! விரல மட்டும் விடு, இழுக்கக் கூடாது! டிராகன் இல்ல, யாளி! சிங்க மூஞ்சி, யானைத் தும்பிக்கை. புது மண்டபத்துல இருக்கே, நீ பாத்ததே இல்லையா?... ம்ஹும், பந்து வராது. அது வராது. அதான் யாளி!”

என் கையில் ஒரு முழு அப்பளம் இருந்தது. வாய் வரைக்கும் கொண்டு போனவன் அப்படியே நின்றேன். கடிக்கவில்லை. கடித்தால் சத்தம் கேட்டுவிடுமே!

வகுப்பு டீச்சரும் க்யூவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கடைசியில் அவரும் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாளே அவள் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினாள் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் எழுதப் போவதில்லை. அரைப் பரீட்சைக்கு முன்னால் ‘பிரஸன்ட் மிஸ்’ வந்தது. அது போதும் எங்களுக்கு.

இந்த வருஷம் வீட்டில் தைக்கப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. பாதத்துக்கு இரண்டு இஞ்ச் மேலேயே விளிம்பை நிறுத்துங்கள். மிதித்து விழ மாட்டார்கள். கழுத்தில் நாடா முடிச்சு வேண்டாம். வெல்க்ரோ வையுங்கள், எங்கேயாவது மாட்டினால் தானாகப் பிரிந்துவிடும். நைலான் வலைத்துணி இறக்கையோடு குத்துவிளக்குப் பக்கம் விடாதீர்கள். அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முகத்துக்குச் சாயம் என்றால் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். முக்கியமாக, பாத்ரூமுக்கு வழி வையுங்கள்!

புது மண்டபத்துக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. தூணடியில் இப்போது மெஷின் சத்தம் இல்லை. யாளி மட்டும் நிற்கிறது. பாப்பாவோ உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். பேச்சு? இப்போதெல்லாம் எனக்குத்தான் வீட்டில் வசனம் கிடையாது.

போன மாசம் எதிர்வீட்டுக்காரர் வந்தார், ஐந்து வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. “சார், ஃபேன்ஸி டிரஸ்ஸாம். நீங்க தைப்பீங்களாமே. என்ன வேஷம் போடலாம்?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “அது இருக்கட்டும் சார். தம்பி அதைப் போட்டுக்கிட்டு என்ன செய்வான்?”

“நாலு வரி இங்கிலீஷ் சொல்லுவான் சார்.”

ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து யாளித் தலையை இறக்கினேன். தூசி தட்டினேன். பையன் எட்டிப் பார்த்தான். யாரும் சொல்லாமலேயே வாய்க்குள் விரலை விட்டான். கடகட. இன்னொரு விரலையும் விட்டான்.

“அங்கிள், இது வெளிய வராதா?”

உள்ளே படித்துக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே கத்தினாள்:

“வராது!”